பொட்டு தெரியாத பறவை

மதிப்பிற்குரிய ஐயா,

நைரோபியில் வேலை பார்க்கிறேன். கென்யா மலைக் காட்டில் மூன்று நாள் அலைந்தும் வெண்ணட்சத்திர ராபின் என்ற பறவையை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். முகத்தில் வெள்ளைப் பொட்டே தெரியவில்லை. ரொம்பக் கூச்சம் போலிருக்கிறது. அடுத்த முறை போனில் அதன் பாட்டைப் போட்டு வரவழைக்கலாமா? எந்த லென்ஸ் வாங்கலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

லென்ஸைக் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் பார்த்தது அதே பறவையாகத்தான் இருக்கும். சிட்டுக்குருவி அளவு, நீலச் சாம்பல் தலை, பாசிப்பச்சை முதுகு, மஞ்சள் வயிறு. இரண்டு கண்ணுக்கு முன்னாலும் ஒவ்வொன்று, தொண்டைக்குக் கீழே ஒன்று என மூன்று வெள்ளைப் பொட்டுகள். சாதாரண நேரத்தில் அவை இறகுக்குள் மறைந்துகிடக்கும். துணையைக் கவரும்போதோ, எதிரியைக் கண்டு சீறும்போதோதான் பளிச்சென்று வெளியே வரும்.

இப்போது யோசியுங்கள். போனில் பாட்டைப் போட்டால், தன் எல்லைக்குள் வேறொரு ராபின் புகுந்துவிட்டதென்றுதான் அது நினைக்கும். இரையை விட்டுவிட்டுப் பதறி வரும். பொட்டும் தெரியும், படமும் நன்றாக வரும். அது ஒரு உயிர் பதறுகிற படம் தம்பி! நீங்கள் திரும்பிய பிறகும் அது இல்லாத எதிரியைத் தேடிக்கொண்டிருக்கும். மறுநாள் இன்னொருவர் போனோடு வருவார். அப்புறம், அதன் கூடு தரையில் இருக்கிறது. மண்சரிவில் பாசியும் சருகும் வைத்து, கூரை வேய்ந்து, பக்கவாட்டில் வாசல் விட்ட சின்னக் கூடு. படத்துக்காகப் பாதையை விட்டு இறங்குகிற கால் எதன்மேல் விழும்? தயவுசெய்து வேண்டாம்.

கூச்சம் என்கிறீர்கள். ஒரு ஜூலை காலை, அதே மலையின் தெற்குச் சரிவில் சியாஃபு என்கிற கடிக்கும் எறும்புகளின் படை பாதையைக் கடந்துகொண்டிருந்தது. வழிகாட்டி என் பேண்ட் நுனியைச் சாக்ஸுக்குள் செருகச் சொல்லி, தள்ளி ஒரு மரக்கட்டையில் உட்காரவைத்தார். முக்கால் மணி நேரம் பேச்சே இல்லை. எறும்புக்குப் பயந்து பூச்சிகள் சருகுக்கு வெளியே தெறித்தன. தாழ்ந்த கிளையிலிருந்து ஒரு ராபின் பொத்தென்று இறங்கி, ஒரு வெட்டுக்கிளியைக் கவ்விக்கொண்டு கிளைக்குத் திரும்பியது. மறுபடி இறங்கியது. வால் விரியும்போதெல்லாம் இரண்டு பக்கமும் மஞ்சள் மின்னியது. கடைசியில் என் ஷூவுக்கு மூன்று முழம் தள்ளி நின்று, தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது.

பொட்டு தெரியவில்லை. எனக்கு அது குறையாகவும் படவில்லை.

சரி, அடுத்த முறை நீளமான சாக்ஸ் எடுத்துப்போங்கள்.