குடும்ப ஜெபத்தில் பிள்ளைகளை வேதாகமம் வாசிக்க வைப்பது எப்படி?

வீட்டு வேத வாசிப்பு என்றால், தினமும் ஒரே நேரத்தில் வீட்டார் கூடி உட்கார்ந்து ஒரு சிறு பகுதியைச் சத்தமாக வாசித்து, அதைப் பற்றிப் பேசுவது.

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் பல பிள்ளைகள் ஆங்கில வழியிலோ மலையாள வழியிலோ படிக்கிறார்கள். 'கிருபை', 'நீதிமான்' என்று வரும்போது எழுத்துக் கூட்டுவதிலேயே கவனம் போய்விடும், பொருள் மனதில் ஏறாது. தயவுசெய்து அதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள்.

இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரம்தான், சம்பவம் சம்பவமாக ஓடும். ஒரு நாளைக்கு 10 வசனம் போதும். முதலில் பெரியவர் வாசிக்க, பிள்ளை விரலால் வரியைத் தொடரட்டும். பிறகு அதே வசனங்களைப் பிள்ளை வாசிக்கட்டும். கடினச் சொல் இரண்டுக்கு மட்டும் பொருள் சொல்லுங்கள். வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்திலிருந்து வரிசையாகப் போனால், லேவியராகமத்தின் பலி முறைகளில் சிறுவர்கள் களைத்துவிடுவார்கள்.

ரப்பர் பால்வெட்டுகிறவர் பட்டையை மெல்லியதாகத்தான் சீவுவார்; கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும், அந்த இடத்தில் பட்டை முண்டுமுண்டாக வளரும். பிள்ளையின் வாசிப்பும் அப்படித்தான்; கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போக வேண்டும்.

முழு அதிகாரம் முடித்தால்தான் வாசித்ததாகக் கணக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அதிகாரப் பிரிவுகள் 13-ஆம் நூற்றாண்டில், இடம் தேட வசதிக்காக வந்தவை. மாற்கு 4-இல் விதைக்கிறவன் உவமை 3 முதல் 9 வரை, 7 வசனத்திலேயே முடிந்துவிடுகிறது.