அப்பாவின் பிபி ஷீட்: எந்த எண்ணைப் பார்ப்பது?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. தினமும் காலையில் அம்லோடிபின் 5 மி.கி. மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு மாதமாக வீட்டிலேயே பிபி பார்த்து எக்செல் ஷீட்டில் ஏற்றி வருகிறேன். ஒரே நாளில் 118 வருகிறது, 162-ம் வருகிறது. வரைபடம் போட்டால் ரம்பப் பல் மாதிரி இருக்கிறது. அதைப் பார்த்து அப்பாவுக்குத் தூக்கமே போய்விட்டது. மாத்திரையைக் கூட்டலாமா? படுக்கையிலிருந்து எழும்போது லேசாகத் தலை சுற்றுவதாகவும் சொல்கிறார்.

பதில்: நீங்களாக மாத்திரையைக் கூட்டவே கூடாது. தலை சுற்றல் இருக்கும்போது இன்னும் கூடாது. அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய ஷீட்டை வரிவரியாகப் பார்த்தேன். ஒரு நாள் மாலை 6.10-க்கு 149, 6.12-க்கு 155, 6.15-க்கு 162 என்று இருக்கிறது. அதே நாள் இரவு 9 மணிக்கு 128. முதல் எண்ணைப் பார்த்துப் பதறி, இடைவெளியே விடாமல் திரும்பத் திரும்ப அழுத்தியிருக்கிறீர்கள். பதற்றமே பிரஷரை ஏற்றும். பிபி நிமிடத்துக்கு நிமிடம் மாறுவது இயல்பு. மாடி ஏறினாலும் மாறும், பேசினாலும் மாறும். ஒற்றை எண்ணை வைத்து மருத்துவர்களான நாங்களும் மருந்தை மாற்றுவதில்லை. எங்களுக்கு வேண்டியது சராசரி.

அதனால் ஒரு வாரம் மட்டும், அளவாகப் பாருங்கள். காலையில் சிறுநீர் கழித்த பின், மாத்திரைக்கும் காபிக்கும் முன்னால், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. இரவு படுக்கப் போகுமுன் இதேபோல் இரண்டு முறை. ஒரு நாளைக்கு நான்கு, ஏழு நாளைக்கு 28. முதல் நாளின் நான்கை விட்டுவிட்டு, மீதி 24-க்குச் சராசரி எடுங்கள். வீட்டில் எடுத்த சராசரி 135/85-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று பொருள். ஆஸ்பத்திரியில் பார்க்கும் 140/90-க்கு இது சமம். சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு இருந்தால் இலக்கு இன்னும் குறையலாம். அதை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பார்க்கும் விதம் சரியில்லையென்றால் ஷீட் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை. முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்கட்டும், பாதம் தரையில் பதியட்டும், கால்மேல் கால் வேண்டாம். ஐந்து நிமிடம் பேச்சில்லாமல் உட்கார்ந்த பிறகு பட்டனை அழுத்துங்கள். கையில் சுற்றும் பட்டையைச் சட்டைக்கு மேல் கட்டக் கூடாது. கையை மேசையில் வைத்து, பட்டை நெஞ்சின் உயரத்துக்கு வரும்படி பாருங்கள். கை 10 செ.மீ. கீழே இருந்தாலே கிட்டத்தட்ட 8 புள்ளி கூடுதலாகக் காட்டும். பருமனான கைக்குச் சின்னப் பட்டை போட்டாலும் இதே கதைதான்.

சரி, ஷீட்டுக்கு வருவோம். 138/84 என்று ஒரே கட்டத்தில் அடித்திருக்கிறீர்கள். எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாது, அதனால்தான் உங்களுக்குச் சராசரி வரவில்லை. தேதி, நேரம், மேல் அளவு (138), கீழ் அளவு (84), நாடித்துடிப்பு, குறிப்பு என்று தனித்தனி கட்டமாகப் பிரியுங்கள். அப்புறம் மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் தனித்தனியே ஆவரேஜ் போடுங்கள். காலைக்கும் இரவுக்கும் தனியாக எடுத்தால் இன்னும் நல்லது. இரவில் சரியாக இருந்து, மாத்திரைக்கு முந்தைய காலை அளவு மட்டும் தொடர்ந்து உயர்ந்தால், மருந்தின் நேரத்தையும் அளவையும் பற்றி யோசிக்க அது உதவும்.

அந்த ரம்பப் பல்லுக்கு இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் வரைபடத்தின் செங்குத்துக் கோடு 110-ல் தொடங்கி 165-ல் முடிகிறது. அதனால் பத்து புள்ளி ஏற்றமே மலையாகத் தெரிகிறது. அதை 40 முதல் 200 வரை என்று மாற்றி, ஒவ்வொரு அளவையும் விட்டுவிட்டு வாரச் சராசரியை மட்டும் கோடாக இழுத்துப் பாருங்கள். அந்தப் படத்தை அப்பாவிடம் காட்டுங்கள்.

கூடிய எண்களை அழித்துவிடாதீர்கள். குறிப்புக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். என்னிடம் வரும் ஒரு அம்மா 158-க்குப் பக்கத்தில் ‘பேரனுக்குக் காய்ச்சல், ராத்திரி முழுக்க விழிப்பு’ என்று எழுதிவந்தார். அந்த ஒரு வரியால் அவருக்கு ஒரு மாத்திரை கூடாமல் போனது.

இப்போது தலை சுற்றல். உட்கார்ந்து பார்த்த பிறகு அப்பாவை எழுந்து நிற்கச் சொல்லி, பக்கத்தில் பிடித்துக்கொண்டு, ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 புள்ளி இறங்கினால், உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள். இந்த வயதில் அப்படி இறங்கி விழுந்தால் இடுப்பு எலும்பு முறியலாம். மருந்தைக் கூட்ட வேண்டாம் என்று முதலில் சொன்னது இதற்காகத்தான்.

மேல் அளவு 180-க்கோ கீழ் அளவு 120-க்கோ மேலே போனால் ஐந்து நிமிடம் உட்கார வைத்து மறுபடி பாருங்கள். குறையவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் பேசுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி, பார்வை மங்கல் எதுவும் கூடவே இருந்தால், ஷீட்டை மறந்துவிட்டு 108-ஐ அழையுங்கள். நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்து அவசரமாகக் குறைக்கப் பார்க்காதீர்கள், அது ஆபத்து.

அடுத்த முறை போகும்போது அந்த ஒரு வாரப் பக்கத்தை மட்டும் அச்செடுத்துக்கொண்டு போங்கள். பிபி மிஷினையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அங்குள்ள கருவியோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.