மெஷினுக்காக அழும் பேரன்

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் என் மகளின் பையன், ஒன்பது வயது, லீவுக்கு வந்திருக்கிறான். இவ்வளவு பெரிய வீட்டில் ஓடியாட எவ்வளவோ இருக்க, எந்நேரமும் ‘வால்-ஈ’ என்று ஒரு ரோபோ கார்ட்டூன் படம்தான். முடியப்போகும் சமயம் ஒவ்வொரு தடவையும் அழுகிறான். குப்பை அள்ளும் மெஷினுக்காக ஒரு பிள்ளை அழுவானா? “நீங்களும் வந்து பாருங்க ஆயா” என்று கையைப் பிடித்து இழுக்கிறான். எனக்கு இங்கிலீஷ் வராது. என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: போய் உட்காருங்கள் ஆச்சி. இங்கிலீஷ் வராது என்று தயங்கவே வேண்டாம். முதல் அரை மணி நேரத்துக்கு மேல் அந்தப் படத்தில் பேச்சு என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. 1987-ல் வந்த கமல்ஹாசனின் ‘பேசும் படம்’ வசனமே இல்லாமல் நம்மைச் சிரிக்கவும் கலங்கவும் வைத்ததே!

2008-ல் பிக்ஸார் என்ற அமெரிக்க கார்ட்டூன் பட நிறுவனம் எடுத்த படம் இது. இயக்குநர் ஆண்ட்ரூ ஸ்டான்டன். பூமியைக் குப்பைமேடாக்கிவிட்டு மனிதர்கள் விண்கப்பலேறிப் போய் 700 வருஷம் ஆகிவிட்டது. விடுபட்டுப்போன ஒரே ஒரு ரோபோ மட்டும் தினமும் குப்பையை அமுக்கிக் கட்டி கட்டியாக அடுக்கிக்கொண்டிருக்கிறது. துணைக்கு ஒரு கரப்பான்பூச்சி.

அதன் கண்களை நன்றாகக் கவனியுங்கள். வாய் இல்லை, மூக்கு இல்லை, ஆனால் கண்களாலேயே வெட்கப்படும், பயப்படும், ஏங்கும். பேஸ்பால் மேட்ச் பார்க்கப் போன இயக்குநர், கைக்கு வந்த பைனாகுலரைத் தன் பக்கமாகத் திருப்பி, மடக்கியும் விரித்தும் பார்த்தாராம். ஒரு பக்கம் மடக்கினால் சோகம், இன்னொரு பக்கம் என்றால் சந்தோஷம். மேட்சையே மறந்துவிட்டார். அதுதான் வால்-ஈயின் முகம். படக்குழுவினர் மதியச் சாப்பாட்டு நேரத்தில், பேச்சில்லாமலே சிரிக்க வைத்த ஊமைப்பட நடிகர்கள் சாப்ளின், பஸ்டர் கீட்டன் படங்களாகப் போட்டுப் பார்த்துப் பாடம் படித்திருக்கிறார்கள். ஒலியை அமைத்தவர் பென் பர்ட். வால்-ஈ உருண்டு போகும் சத்தத்தைக் கையால் சுற்றும் ஒரு பழைய ஜெனரேட்டரிலிருந்து எடுத்தார். அதன் குரலும் அவர் கைவண்ணம்தான்.

பேரனின் அழுகைக்கு வருகிறேன். குப்பையில் கிடைக்கிற சாமான்களை அந்த ரோபோ வீட்டுக்குக் கொண்டுவந்து தட்டுத் தட்டாகச் சேர்த்து வைக்கும். ஒரு குட்டிப் பெட்டி கிடைக்கும். உள்ளே வைர மோதிரம். மோதிரத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, பெட்டியை மட்டும் ஆசையாகத் திறந்து மூடிப் பார்த்து எடுத்துக்கொள்ளும். ஸ்பூனும் ஃபோர்க்கும் ஒன்றாய்ச் சேர்ந்த ஒரு சாமானை எதனோடு வைப்பது என்று தெரியாமல் முழித்து, கடைசியில் இரண்டுக்கும் நடுவில் வைக்கும். அப்படிப்பட்ட ரோபோ படத்தின் முடிவில் அடிபட்டு நொறுங்கி, புது பாகங்கள் மாட்டி எழும்போது எதுவுமே ஞாபகம் இல்லாமல் நிற்கிறது. தான் சேர்த்த சாமான்களையே குப்பையாக நினைத்து அமுக்கப் போகிறது. பேரன் கலங்குவது இங்கேதான் என்று நினைக்கிறேன். அவன் மனசுக்கு ஒரு குறையும் இல்லை ஆச்சி. கதையைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறான். அப்புறம் என்ன ஆகிறது என்று நான் சொல்ல மாட்டேன், அவன் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

பிற்பாதி விண்கப்பலில் நடக்கிறது. என்னைக் கேட்டால் ஓட்டமும் துரத்தலும் அங்கே கொஞ்சம் அதிகம். பேச்சும் வரும். அவனையே தமிழில் சொல்லச் சொல்லுங்கள், உற்சாகமாகச் சொல்வான்.

இன்னொன்று. உங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் பூட்டிக் கிடக்கும் சாமான் அறையை அவனுக்குத் திறந்து காட்டுங்கள். எனாமல் தூக்கு, மங்குச் சாடி, யாரோ முடைந்து வைத்த கொட்டான், எல்லாவற்றையும் கையில் எடுத்துப் பார்க்க விடுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளிலும் இதே சாமான்கள் கிடைக்கும்தான். ஆனால் எது எந்தக் கல்யாணத்தில் வந்தது, எந்த அப்பத்தா எதில் ஊறுகாய் போட்டார் என்றெல்லாம் அவனுக்குச் சொல்ல உங்களை விட்டால் யார்?

ஒரே படத்தைத் தினமும் பார்ப்பதுதான் உறுத்துகிறது என்றால், வாரத்துக்கு ஒரு தடவை என்று அவனிடமே பேசி முடிவு செய்யுங்கள். அந்த ஒரு தடவை உங்களோடு சேர்ந்து என்றால் சரி என்பான். படம் முடிந்ததும் டிவியை அணைத்துவிடாதீர்கள். பெயர்கள் ஓடும்போது, குகை ஓவியத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு காலத்து ஓவிய பாணியிலும், மனிதர்களும் ரோபோக்களும் சேர்ந்து பயிர் செய்வதை வரைந்திருக்கிறார்கள். அதையும் பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.