கேளுங்க, சொல்றேன்: மழை குரூப்ப ஊர் குரூப்பா மாத்தலாமா?

அண்ணே, 2015 வெள்ளத்துக்கு அப்புறம் நாலஞ்சு பேரு சேந்து ஆரம்பிச்ச வாட்ஸ்அப் குரூப்பு எங்களுது. மழை, புயல், ஏரி தண்ணி, கெடிலம் ஆத்துல எவ்ளோ ஓடுது, இது மட்டும்தான் பேசணும்னு ரூல். இப்ப 1024 பேரு, ஃபுல்லு. ஆனா கோடை வந்துட்டா ஒரு மெசேஜ் கெடையாது. யாராவது வாடகை வீடு கேட்டா நான் டிலீட் பண்றேன், அதுக்கு சண்டை. பேர ‘நம்ம கடலூர்’னு மாத்திட்டு எல்லாத்தையும் பேச விடலாம்னு மத்த அட்மின்ங்க சொல்றாங்க. பழைய ஆளுங்க ‘அப்ப நாங்க கெளம்புறோம்’ங்கறாங்க. என்ன பண்ண?
— பெயர் வேண்டாம், மஞ்சக்குப்பம்

உங்க அட்மின்ங்க சொல்றத ஒரேயடியா தள்ளிட முடியாதுங்க. மழைக்காக உள்ள வந்தவங்கதான், ஆனா இத்தன வருஷத்துல ஒருத்தர ஒருத்தர் தெரிஞ்சு போச்சு, இன்வெர்ட்டர் ரிப்பேருக்கு ஆள் வேணும்னா மொதல்ல அங்கதான் கேக்கத் தோணும். பெரிய கம்பெனிங்களும் இப்படி மாறினதுதான். டிஸ்கார்ட்னு ஒரு அரட்டை ஆப்பு, 2015ல வந்தப்ப கேம் ஆடறவங்க பேசிக்கறதுக்குன்னு வந்துச்சு, 2020 கொரோனா சமயத்துல பாத்தா படிக்கிற பசங்க, டீச்சருங்கன்னு யார் யாரோ உள்ள இருக்காங்க, சரின்னு கேமர் அடையாளத்த ஓரங்கட்டிட்டு எல்லாரும் பேசற எடம்னு சொல்லிக்க ஆரம்பிச்சாங்க. ஃபேஸ்புக்கும் 2004ல ஹார்வர்டு பசங்களுக்கு மட்டும்தான், 2006 செப்டம்பர்லதான் 13 வயசு ஆன எல்லாருக்கும் கதவத் தொறந்தாங்க.

ஆனா டிஸ்கார்ட் பொதுவாச்சே தவிர உள்ள இருக்கற ஒவ்வொரு சர்வரும் (நம்ம குரூப்பு மாதிரி), அதுக்குள்ள இருக்கற ஒவ்வொரு சேனலும் தனித்தனியாதான் இருக்கு, சமையல் பேசறவன் சத்தம் கிரிக்கெட் பேசறவன் காதுல விழாது. உங்க குரூப்புல அப்படியா? எல்லாம் ஒரே வரிசையில வந்து விழும்.

2024 ஃபெஞ்சல் புயல நெனச்சுப் பாருங்க. நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கத்துல கரையேறி அங்கயே நகராம நின்னுச்சு, புதுச்சேரியில ஒரே நாள்ல 46 சென்டிமீட்டர் கிட்ட கொட்டிச்சு. அதோட முடிஞ்சுதுன்னு மூச்சு விடறதுக்குள்ள மேல திருவண்ணாமலை பக்கம் சாத்தனூர் அணையத் தொறந்து விட்டு தென்பெண்ணை ஆத்துல வெள்ளம், அந்த தண்ணி கடலூருக்கு வந்து சேந்தப்ப நம்ம ஊர்ல பெரிய மழையே இல்ல. வானத்தப் பாத்து கண்டுபிடிக்க முடியாத விஷயம் அது, யாராவது சொன்னாதான் உண்டு. அந்த நேரத்துல ‘ஆத்தோரம் இருக்கறவங்க சாமான எடுத்துக்கிட்டு கெளம்புங்க’ன்னு ஒருத்தர் போடறாரு, அதுக்கு மேல ரெண்டு பர்த்டே கேக்கு, ஒரு டூ-லெட், நாலு கும்புடு எமோஜின்னா? அதக் கூட தேடிப் படிச்சிடலாம். பொது குரூப்புன்னு ஆயிட்டா முக்காவாசிப் பேரு ம்யூட்ல போட்டுடுவாங்க, அதுதான் எனக்கு பயம். உங்க குரூப்பு மே மாசம் அமைதியா கெடக்கறதாலதான் நவம்பர்ல ஃபோன் சத்தம் போட்டா எடுத்துப் பாக்கறாங்க. நீங்க செத்துப் போச்சுன்னு நெனைக்கற அந்த அமைதிதாங்க குரூப்போட பலமே.

அதனால மழை குரூப்பு பேரையும் ரூலையும் தொடாதீங்க. பக்கத்துல புதுசா ‘நம்ம கடலூர்’னு ஒண்ணு தொறங்க, வேணுங்கறவங்க போகட்டும். வாட்ஸ்அப்ல 2022லயே கம்யூனிட்டின்னு ஒரு வசதி வந்துச்சு, ரெண்டு குரூப்பையும் அதுக்குள்ள சேத்துடலாம், அட்மின் மட்டும் போடற அறிவிப்பு குரூப்பு ஒண்ணும் அதோடயே வரும், அணை திறப்பு, துறைமுகத்துல புயல் கூண்டு எத்தனாம் நம்பர் ஏத்தியிருக்காங்கன்னு அதுல போட்டா அடியில போய் பொதையாது. இத புரட்டாசிக்கு முன்னாடியே முடிச்சுடுங்க, ஐப்பசியில போய் பேரும் டிபியும் மாத்திக்கிட்டிருந்தா அடிக்க வருவாங்க.

இன்னொண்ணு, புது குரூப்புக்கு வேற அட்மின் போடுங்க. சாட்டிலைட் படத்தப் பாத்து எங்க மழைன்னு சொல்ற மனுஷனுக்கு எலக்ஷன் நேரத்து சண்டைய தீத்து வெக்கத் தெரியணும்னு அவசியமில்ல (எனக்கும் தெரியாது, அதனாலதான் நான் எந்த குரூப்புலயும் அட்மின் இல்ல). கெளம்பறேன்னு சொல்ற பழைய ஆளுங்ககிட்ட நீங்களே ஃபோன் போட்டு பேசுங்க. வாடகை வீடு கேக்கறவரு போனா பத்து பேரு வருவாங்க, மழை அளவு எடுத்து தெனம் காலையில போடறவரு போனா யாரு வருவா?

நான் இருந்த மாடித்தோட்ட ஃபேஸ்புக் குரூப்ப ‘பொதுவான’ குரூப்பா மாத்திட்டாங்க. இப்ப எங்க பிரியாணி நல்லாருக்குன்னுதான் போஸ்ட் வருது, மாவுப்பூச்சிக்கு மருந்து கேட்டா ஒருத்தரும் பதில் சொல்றதில்ல. நான் தனியா ஆரம்பிக்கலாமா அக்கா இல்ல அண்ணே யாரா இருந்தாலும் சொல்லுங்க.
— ஒரு வாசகி, லாஸ்பேட்டை

அண்ணன்தான். தாராளமா ஆரம்பிங்க. உங்க அட்மின் ஏமாந்தது லைக்குல. பிரியாணிக்கு எல்லாருகிட்டயும் ஒரு கருத்து இருக்கும், மாவுப்பூச்சிக்கு நாலு பேருகிட்டதான் பதில் இருக்கும், ஆனா அந்த நாலு பேருக்காகத்தான் மத்தவங்க அங்க இருந்தாங்க. வீடியோ உலகத்துல இதே கதை பெருசா நடந்துச்சு. 2007ல ஜஸ்டின் டிவின்னு ஒண்ணு, யாரு வேணா எத வேணா லைவ்ல காட்டலாம். அதுல கேம் ஆடறத மட்டும் 2011ல ட்விட்ச்னு தனியா பிரிச்சாங்க. 2014ல பொதுவா இருந்தத இழுத்து மூடிட்டாங்க, அதே மாசம் ட்விட்ச்ச அமேசான் 97 கோடி டாலருக்கு வாங்குச்சு. அப்புறம் ட்விட்ச்சே சும்மா பேசறதுக்கும் எடம் குடுத்துச்சுங்கறது வேற விஷயம், அது மொதல்ல காலூனின பெறகு செஞ்சது.

பழைய குரூப்புல சண்டை போட்டுட்டு வராதீங்க. ‘விதை மாத்திக்கறவங்க ஞாயித்துக்கெழம காலையில பொட்டானிக்கல் கார்டன் வாசலுக்கு வாங்க’ன்னு ஒரு போஸ்ட் போடுங்க போதும். வர்றவங்கதான் உங்க புது குரூப்பு.

எங்க குரூப்புல இனிமே என்ன வேணா பேசலாம்னு அறிவிச்சோம், அன்னையிலருந்து ஒருத்தரும் வாயத் தொறக்கல. ஏன்?
— கரும்பு விவசாயி, நெல்லிக்குப்பம்

என்ன வேணா பேசுன்னா யாருக்கு என்ன வரும்? ‘வெட்டு ஆளு இந்த வருஷம் டன்னுக்கு என்ன கேக்கறான்?’னு நாளைக்கு காலையில கேட்டுப் பாருங்க. மத்தியானத்துக்குள்ள சண்டையே வந்துடும்.