வழியில் இறங்கித் தங்கலாமா? குடிபெயர்கிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே ரகம். வேலைக்கோ படிப்புக்கோ நாடு மாறுகிறோம், எப்படியும் ஒரு ஊரில் விமானம் மாறத்தான் வேண்டும், அங்கேயே இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனால் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். தாராளமாகத் தங்கலாம். ஆனால் சுற்றுலா போகிறவர் கையில் ஒரு பெட்டிதான் இருக்கும். உங்களிடம் வீடே பெட்டியில் இருக்கிறது. விசா விதிகள் அடிக்கடி மாறும் என்பதால், பணம் கட்டும் முன் அந்தந்த நாட்டு அரசுத் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கட்டிய பிறகு எனக்கு எழுதிப் பயனில்லை.

நான், மனைவி, ஆறு வயதுப் பையன் மூவரும் பிஆர் (நிரந்தரமாகக் குடியிருக்கும்) விசாவில் மெல்போர்ன் போகிறோம். சிங்கப்பூரில் மூன்று நாள் தங்க ஆசை. தனி விசா வேண்டுமா? எங்களைக் குடிவைத்துவிட்டு வர அம்மாவும் வருகிறார். (சேலம் வாசகர்)

உங்கள் மூவருக்கும் வேண்டாம். ஆஸ்திரேலியா, கனடா, பிரிட்டன், அமெரிக்கா போன்ற சில நாடுகளின் விசா உள்ள இந்தியர்கள், அந்த நாட்டுக்குப் போகும் வழியில் 96 மணி நேரம் வரை சிங்கப்பூரில் விசா இல்லாமல் தங்கலாம். அடுத்த விமானத்துக்கு உறுதியான டிக்கெட் கையில் இருக்க வேண்டும். கடைசி முடிவு இமிகிரேஷன் அதிகாரியுடையது. ஆஸ்திரேலிய விசா பாஸ்போர்ட்டில் ஒட்டப்படுவதில்லை, அதனால் விசா வழங்கிய கடிதத்தை ஆளுக்கு ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் உங்கள் கடைசி வரியில் இருக்கிறது. அம்மாவுக்கு என்ன விசா? ஒருமுறை மட்டும் நுழையும் விசிட்டர் விசா என்றால், போகும் வழியில் இந்தச் சலுகை அவருக்குக் கிடையாது. அவருக்கு மட்டும் சிங்கப்பூர் விசா எடுத்தாக வேண்டும். நான்கு பேர் வரிசையில் நின்று மூன்று பேர் வெளியே போவது நல்ல காட்சியல்ல.

சிங்கப்பூர் வருகை அட்டையை நீங்கள் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணமே இல்லை. பணம் கேட்கும் தளமாக இருந்தால் மூடிவிடுங்கள். சிங்கப்பூரில் எட்டுப் பெட்டியோடு செரங்கூன் ரோடு அறைக்குப் போகாதீர்கள். சாங்கி விமான நிலையத்திலேயே லக்கேஜ் வைத்துவிட்டுப் போகும் இடம் உண்டு. மூன்று நாள் துணியை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதை அங்கே போட்டுவிட்டுப் போங்கள்.

எத்தனை மணி நேரம் தங்கினால் ‘ஸ்டாப்ஓவர்’? (திண்டுக்கல் வாசகர்)

சர்வதேசப் பயணத்தில் 24 மணி நேரத்தைத் தாண்டினால் ஸ்டாப்ஓவர், அதற்குள் என்றால் ட்ரான்சிட். ட்ரான்சிட்டில் பெட்டி பெரும்பாலும் நேராகக் கடைசி ஊருக்குப் போகும். ஸ்டாப்ஓவரில் உங்கள் கையில் வந்துவிடும். டிக்கெட் விலையும் மாறலாம்.

சார், வழியில் ரெண்டு நாள் ஸ்டே பண்ணலாமா, அவசரம். (ஊர் பெயர் இல்லை)

எந்த ஊரில்? எந்த நாட்டுக்குப் போகிறீர்கள்? என்ன பாஸ்போர்ட், என்ன விசா? ஒன்றும் இல்லாமல் அவசரம் மட்டும் இருக்கிறது. விவரத்தோடு எழுதுங்கள்.

துபாயில் ஒரு நாள் தங்கி லண்டன் போகிறோம். மாமியார் அரைத்துக் கொடுத்த மசாலா, கசகசா, மாமனாரின் மாத்திரைகள் எல்லாம் இருக்கின்றன. பிரச்சினை வருமா? (காரைக்குடி வாசகி)

கசகசாவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், அம்மா. ஐக்கிய அரபு அமீரகத்தில் அது போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது. சிங்கப்பூரிலும் தடைதான். அரைத்த மசாலாவில் கசகசா சேர்ந்திருக்கிறதா என்று மாமியாரிடம் கேளுங்கள். குருமா பொடி என்றால் சேர்ந்திருக்க நிறைய வாய்ப்பு. ‘நான் லண்டன் போகிறவள், இங்கே ஒரு நாள்தான்’ என்ற வாதத்தை நம்பி இறங்காதீர்கள்.

மாத்திரைகளில் டிரமடால், கோடீன் கலந்த வலி மருந்து, இருமல் மருந்து, தூக்க மாத்திரை இருந்தால் அமீரகத்தில் முன்அனுமதி வாங்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளுக்கு மருத்துவர் சீட்டும், பிரிக்காத அட்டையும் போதும். மாத்திரைகளையெல்லாம் ஒரே டப்பாவில் கொட்டி எடுத்துவராதீர்கள். எது என்ன மாத்திரை என்று மாமனாருக்கே தெரியாது.

திருச்சியிலிருந்து கோலாலம்பூர் ஒரு டிக்கெட், அங்கிருந்து ஆக்லாந்து இன்னொரு டிக்கெட். நடுவில் நான்கு மணி நேரம். ஆளுக்குப் பதினைந்தாயிரம் ரூபாய்போல் மிச்சம். ஏஜென்ட் தைரியம் சொல்கிறார். சரியா? (புதுக்கோட்டை வாசகர்)

சரியில்லை. இதை நான் எத்தனையோ முறை எழுதியாகிவிட்டது. இன்னொரு முறையும் எழுதுகிறேன்.

தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது விமான நிறுவனத்துக்கு உங்கள் முதல் விமானத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. முதல் விமானம் மூன்று மணி நேரம் தாமதமானால் அங்கே நீங்கள் ‘நோ-ஷோ’, அதாவது வராத பயணி. பணம் போகும். அதே டிக்கெட்டில் திரும்பும் பயணமும் போட்டிருந்தால் அதுவும் ரத்தாகும். ஆக்லாந்துக்கு அன்றைய விலையில் புது டிக்கெட் வாங்க வேண்டும். குடும்பத்தோடு போகிறவருக்கு அது மிச்சம் பிடித்ததைப்போல் பல மடங்கு.

அடுத்து, பெட்டி நேராகப் போகாது. கோலாலம்பூரில் இமிகிரேஷன் தாண்டி வெளியே வந்து, பெட்டிகளை எடுத்து, மறுபடி கவுன்ட்டரில் போட வேண்டும். அங்கே இரண்டு டெர்மினல். மலிவு விமானங்கள் பல இரண்டாவதில் இறங்கும், உங்கள் அடுத்த விமானம் முதலாவதில் இருக்கலாம். நடுவில் ரயில் பிடிக்க வேண்டும், ட்ராலி தள்ளிக்கொண்டு. இந்தியருக்கு மலேசியா இப்போது விசா கேட்பதில்லை என்பதால் இதாவது முடிகிறது. விசா கேட்கும் ஊரில் பெட்டியை எடுக்கவே வெளியே போக முடியாது. போர்டிங் பாஸ் திருச்சியிலேயே தர மாட்டார்கள்.

மூன்றாவது, எடை. ஒரு டிக்கெட்டில் 20 கிலோ, இன்னொன்றில் 30 கிலோ என்று இருக்கும். குறைவானதுதான் உங்கள் கணக்கு. கூடுதல் கிலோவுக்குக் கவுன்ட்டரில் கேட்கும் தொகையைக் கேட்டால் மிக்ஸியை அங்கேயே விட்டுவிடத் தோன்றும்.

இதைவிட எனக்கு எரிச்சல் தருவது, வாங்கியவருக்கே இது தனித்தனி டிக்கெட் என்று தெரியாமல் இருப்பதுதான். ஒரே தாளில் இரண்டு விமானத்தையும் அழகாக அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். பிஎன்ஆரைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். ஒரே டிக்கெட்டிலும் இரண்டு நிறுவனத்துக்கு இரண்டு பிஎன்ஆர் வரலாம். 13 இலக்க டிக்கெட் எண் ஒன்று இருக்கும், அதைப் பாருங்கள். உங்களைப்போல் இரண்டே விமானம் என்றால் இரண்டுக்கும் அதே எண் இருக்க வேண்டும். வேறு எண் என்றால் வேறு டிக்கெட். எண்ணையே காட்டத் தயங்கும் ஏஜென்டிடம் பணம் கொடுக்காதீர்கள்.

அப்படியும் தனி டிக்கெட்தான் என்றால் நான்கு மணி நேரம் வேண்டாம். ஒரு இரவு தங்குங்கள். ஸ்டாப்ஓவருக்கு ஸ்டாப்ஓவரும் ஆயிற்று.

பவர் பேங்க்? (விருதுநகர் வாசகர்)

கைப்பையில் மட்டும். 100 வாட்-ஹவருக்குள்.

மகள் எஃப்-1 மாணவர் விசாவில் சிகாகோ போகிறாள். அபுதாபியில் ஒரு இரவு. அங்கே அமெரிக்க இமிகிரேஷன் நடக்கும் என்கிறார்களே? (கோவை வாசகர்)

உண்மை. அபுதாபியிலிருந்து நேராக அமெரிக்கா போகும் விமானங்களுக்கு அமெரிக்க இமிகிரேஷனும் கஸ்டம்ஸும் அங்கேயே முடியும். சிகாகோவில் உள்நாட்டுப் பயணிபோல் இறங்கிப் போய்விடலாம். அதனால் அபுதாபியில் வழக்கமான நேரத்துக்கு வந்தால் போதாது, ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்கச் சொல்லுங்கள். ஐ-20 (மாணவர் விசாவுக்குக் கல்லூரி தரும் படிவம்), கல்லூரிக் கடிதம், பணம் காட்டும் தாள்கள் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். ஒரிஜினல் தாள்களைப் பெட்டியில் போடக் கூடாது. படிப்பு தொடங்கும் தேதிக்கு 30 நாளுக்கு முன்னால் அமெரிக்காவுக்குள் விட மாட்டார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள். இரவு தங்க அமீரக விசா தனி. அமெரிக்க விசா இருப்பதால் எளிதாகக் கிடைக்கும்.

கனடா பிஆர் வந்துவிட்டது. சென்னை, ஃபிராங்க்ஃபர்ட், மியூனிக், டொரன்டோ, ஹாலிஃபாக்ஸ். மியூனிக்கில் ஒரு நாள் சுற்றலாமா? (வேலூர் வாசகர்)

ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது) இல்லாமல் முடியாது. கனடா பிஆர் அதற்கு ஈடாகாது. சுற்றாவிட்டாலும் இந்த டிக்கெட் ஆகாது. ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து மியூனிக் உள்நாட்டு விமானம், ஏறவே ஷெங்கனுக்குள் நுழைய வேண்டும். ஐரோப்பாவில் ஒரே ஒரு நிலையத்தில் மாறும் டிக்கெட்டாகப் போடுங்கள்.

டொரன்டோவையும் சாதாரண மாற்றமாக நினைத்துவிட்டீர்கள். கனடாவில் முதலில் இறங்கும் இடத்தில்தான் பிஆர் நடைமுறை முடியும். கையில் கொண்டுவரும் சாமான், பிறகு வரப்போகும் சாமான் என்று இரண்டு பட்டியல் அங்கேயே கொடுக்க வேண்டும். நகைகளுக்குப் படமும் மதிப்பும் சேருங்கள். பட்டியலில் இல்லாததைப் பிறகு கொண்டுவந்தால் வரி கேட்பார்கள். ஹாலிஃபாக்ஸ் விமானத்துக்கு முன் நான்கைந்து மணி நேரம் விடுங்கள்.

ஜோகன்னஸ்பர்க்கில் வேலை. நைரோபியில் ஒரு நாள் தங்கிப் போகிறேன். தடுப்பூசி? (தூத்துக்குடி வாசகர்)

மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் கட்டாயம். விமான நிலையத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் 12 மணி நேரம் தாண்டினால் தென்னாப்பிரிக்கா கேட்கும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஓடாதீர்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள்.

பெர்த் போகிறோம், ஒரே டிக்கெட். கோலாலம்பூரில் காலை ஏழுக்கு இறங்கி இரவு பதினொன்றுக்கு ஏறுகிறோம். பத்துமலை முருகனைப் பார்க்க முடியுமா? (பழனி வாசகி)

முடியும். ‘ஒரே டிக்கெட்’ என்று நீங்களே எழுதியிருப்பதற்கு நன்றி. பெட்டி பெர்த்துக்குப் போய்விடும். மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை முன்கூட்டியே நிரப்புங்கள், இலவசம். விமான நிலைய விரைவு ரயிலில் அரை மணி நேரத்தில் கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து கொமுட்டர் என்ற புறநகர் ரயில் கோவில் வாசலுக்கே போகும். 272 படி. மதிய வெயிலுக்கு முன் ஏறிவிடுங்கள், குரங்குகள் இருக்கும் இடத்தில் கையில் பை தொங்க வேண்டாம். கீழே இறங்கியதும் சாப்பாட்டுக்கு பிரிக்ஃபீல்ட்ஸ், சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே. இரவு எட்டுக்குள் விமான நிலையத்தில் இருங்கள்.