முகாமுக்குள் ஆராதனை நடத்த அழைப்பு வந்தால்

பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டச் சபையொன்றின் போதகர் கேட்டிருக்கிறார்: “அருகிலுள்ள இராணுவ முகாமில் இருக்கும் கிறிஸ்தவச் சிப்பாய்கள் சிலர், மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து ஆராதனை நடத்தித் தரும்படி கேட்கிறார்கள். அதிகாரியும் சம்மதம் என்கிறார். போனால் நானும் படை ஆளாகிவிடுவேனா? ஆயுதங்களை ஆசீர்வதிக்கச் சொன்னால் மறுக்கலாமா? ஒரு பிள்ளை தனியாக மனம்விட்டுச் சொன்னதை அதிகாரி கேட்டால் சொல்லியாக வேண்டுமா?”

தாராளமாகப் போங்கள். போகுமுன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்: முகாமுக்குள் அந்த ஆராதனைக்கான உரிமை சிப்பாயுடையது. நீங்கள் அதற்குத் துணை போகிறவர். உங்கள் கேள்விகள் மூன்றுக்கும் பதில் இதிலிருந்தே பிறக்கிறது.

நம் அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது. அதே உறுப்புரை, 10ஆம், 14(1)(உ) உறுப்புரைகளில் உள்ள உரிமைகள் எல்லாச் சமயத்தவருக்கும் உண்டு என்றும் சொல்கிறது. 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, சமயம் ஆகியவற்றின் சுதந்திரம். 14(1)(உ) அந்தச் சமயத்தைத் தனியாகவோ சேர்ந்தோ வழிபட்டு, அனுசரித்து, போதித்து வெளிக்காட்டும் சுதந்திரம். படையினர் விடயத்தில் இந்த வேறுபாடு முக்கியமானது. கடமைக்காகவும் ஒழுக்கத்துக்காகவும் 12(1), 13, 14ஆம் உறுப்புரைகளின் உரிமைகளைச் சட்டத்தின் மூலம் கட்டுப்படுத்த 15(8) இடம் கொடுக்கிறது. 10ஆம் உறுப்புரை அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே ஞாயிறு காலையில் ஒரு சிப்பாய்க்குக் காவல் கடமை போட்டு ஆராதனையைத் தவறவிட வைக்கலாம். அவன் எதை நம்ப வேண்டும் என்று கட்டளையிட யாருக்கும் அதிகாரம் இல்லை.

அடுத்தது உங்கள் நிலை. பிரித்தானியா, அமெரிக்கா போன்ற நாடுகளில் சாப்ளின் என்பவர் சீருடையும் அதிகாரித் தரமும் உள்ள படைக் குரு. இந்திய இராணுவத்தில் பண்டிதர், மௌலவி, கிரந்தி, பாதிரியார் என்று சமய ஆசிரியர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். 1949ஆம் ஆண்டு முதலாம் ஜெனீவா உடன்படிக்கையின் 24ஆம் உறுப்புரை, படையோடு இணைக்கப்பட்ட குருக்களுக்குத் தனிப் பாதுகாப்புத் தருகிறது. எதிரியிடம் அகப்பட்டாலும் அவர்கள் போர்க்கைதிகள் ஆவதில்லை. இலங்கை அந்த உடன்படிக்கைகளில் இணைந்த நாடு; 2006ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் அவற்றை உள்நாட்டுச் சட்டமாக்கியது. மாதம் ஒருமுறை வந்துபோகும் நீங்கள் இந்த வகையில் சேரமாட்டீர்கள். முகாமுக்குள் நிற்கும்போதும் நீங்கள் சாதாரணக் குடிமகன்தான். எனவே அன்பளிப்பாகத் தந்தாலும் படை நிற ஜக்கெட், தொப்பி எதையும் அணிய வேண்டாம். படைக் குருக்கள் அணியும் செஞ்சிலுவைக் கைப்பட்டியும் உங்களுக்குரியதல்ல.

தியத்தலாவைக்குப் பக்கத்தில் இருப்பவர் என்பதால் இதையும் சொல்கிறோம். 1900 முதல் சுமார் 5,000 தென்னாப்பிரிக்கப் போயர் போர்க்கைதிகளைப் பிரித்தானியர் அங்கே வைத்திருந்தார்கள். அதற்கு முந்திய ஆண்டில் எழுதப்பட்ட, போர் நடத்தை பற்றிய 1899 ஹேக் விதிகளின் 18ஆம் விதி, போர்க்கைதிக்குத் தன் சமய ஆராதனையில் கலந்துகொள்ளும் முழு உரிமையைக் கொடுத்திருந்தது. கைதிக்கே அது உண்டென்றால், சொந்த நாட்டுச் சிப்பாய்க்கு அதைக் கேட்பது சலுகை கேட்பதாகாது.

வாய்ச் சம்மதத்தை நம்பிப் புறப்படாதீர்கள். அதிகாரி மாறினால் அதுவும் போய்விடும். சபைத் தலைமையின் கடிதத் தலைப்பில் கட்டளை அதிகாரிக்கு எழுதுங்கள். உங்கள் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், கூட வருபவர்களின் விபரம், வாகன இலக்கம், திகதி, தொடங்கும் முடியும் நேரம், கொண்டுவரும் பொருட்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். பொருள் பட்டியலில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். திருவிருந்துக்கான சிறிய வைன் போத்தலைக் கடிதத்தில் எழுதாமல் பைக்குள் வைத்துப் போனால், கேட்டில் பையைத் திறக்கும் காவலாளிக்கு அது மதுபானம் மட்டுமே. பிறகு அப்பம் ஒரு பக்கம், கிண்ணங்கள் ஒரு பக்கம் என்று மேசையில் பரப்பி வைத்து விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டிவரும். சபை முறை அனுமதித்தால் திராட்சைச் சாறு கொண்டுபோவது சுலபம். பூசைக்குப் போகும் குருக்கள் ஐயாமாரும் கற்பூரம், தீப்பெட்டி, தேங்காய் உடைக்கும் கத்தி ஆகியவற்றை இப்படியே எழுதிக் கொடுப்பது நல்லது. கைபேசியைக் கேட்டிலேயே கொடுத்துவிடுங்கள். ஆராதனைப் படத்தைப் பேஸ்புக்கில் போடவே வேண்டாம். ஜெபக் குறிப்புப் புத்தகத்தில் சிப்பாயின் படைப்பிரிவையோ, அடுத்து எங்கே மாற்றலாகிறான் என்பதையோ எழுதாதீர்கள்.

சிங்கள வேதாகமமும் பாட்டுப் புத்தகமும் கட்டாயம் வேண்டும். வருகிறவர்களில் பலருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். வருவதும் வராததும் அவரவர் விருப்பம் என்று முதல் நாளே எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள். வருகைப் பதிவு எடுக்கவேண்டாம், காணிக்கைத் தட்டும் வேண்டாம். மற்றச் சமயத்தவரின் படுக்கை அறைகளில் துண்டுப்பிரசுரம் வைத்துவிட்டு வருவது பெரிய பிழை. மென்சிங்கன் கத்தோலிக்கக் கன்னியர் சபையைச் சட்டப்படி கூட்டிணைக்கும் சட்டமூலம் பற்றி 2003இல் உயர் நீதிமன்றம் தந்த தீர்மானத்தில், சமயத்தைப் பரப்புவது அரசியலமைப்பு உறுதிசெய்த உரிமையல்ல என்றது. ஐ.நா. மனித உரிமைகள் குழு 2005இல் அதற்கு மாறான முடிவுக்கு வந்தது. ஆனாலும் உள்நாட்டில் அந்தத் தீர்மானத்தை மனத்தில் வைத்தே நடக்க வேண்டும். சட்டத்தை விடுங்கள்: மேலதிகாரி ஒருவர் உங்கள் சபையைச் சேர்ந்தவராக இருந்து, அவருக்குக் கீழுள்ள பையன் ஆராதனைக்கு வந்து உட்கார்ந்தால், அவன் மனமுவந்து வந்தானா என்பதை நீங்கள்தான் விசாரித்துப் பார்க்க வேண்டும்.

ஆயுத ஆசீர்வாதத்தை மறுக்கலாம். நீங்கள் படைக் கட்டளைக்கு உட்பட்டவர் அல்ல. சீருடைச் சாப்ளின்களுக்கே இந்தப் பாதுகாப்பு உண்டு: தம் மனச்சாட்சிக்கு விரோதமான சடங்கைச் செய்யும்படி சாப்ளினைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அமெரிக்கக் காங்கிரஸ் 2013ஆம் நிதியாண்டின் பாதுகாப்புச் சட்டத்தில் எழுதியது. அதே வேளை, தன்னால் செய்ய முடியாததைச் செய்யக்கூடிய வேறொரு குருவை ஏற்பாடு செய்து கொடுப்பது சாப்ளினின் கடமை என்பதும் அங்குள்ள நடைமுறை. அதை நீங்களும் பின்பற்றலாம். ஒக்டோபர் 10 இராணுவ தினம் போன்ற வைபவங்களுக்கு அழைத்தால், “ஆட்களுக்காகவும் அவர்களுடைய குடும்பங்களுக்காகவும் ஜெபிப்பேன்” என்று முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள். மேடையில் ஏறிய பிறகு மறுப்பது அதிகாரிக்கும் அவமானம், உங்களை அழைத்த பிள்ளைகளுக்கும் சங்கடம்.

இரகசியம்தான் உங்கள் கேள்விகளில் கடினமானது. அதிகாரி கேட்டார் என்பதற்காக எதையும் சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறை சொன்னீர்கள் என்றால் அடுத்த மாதம் யாரும் உங்களிடம் வாய் திறக்கமாட்டார்கள். நீதிமன்றம் வேறு விடயம். நம் சாட்சியக் கட்டளைச் சட்டம் சட்டத்தரணியிடம் கட்சிக்காரர் சொன்னதைப் பாதுகாக்கிறது. குருவிடம் சொன்னதற்கு அப்படியொரு பிரிவு இல்லை. அமெரிக்கப் படை நீதிமன்றங்களில் சாட்சிய விதி 503 அந்தப் பாதுகாப்பைத் தருகிறது, இங்கே அது உதவாது. கத்தோலிக்கக் குருவுக்குப் பாவசங்கீர்த்தன முத்திரையை, அதாவது பாவ அறிக்கையில் கேட்டதன் இரகசியத்தை, எந்தக் காரணத்துக்காகவும் உடைக்க முடியாது. திருச்சபைச் சட்டம் 983 அதைச் சொல்கிறது. மற்றச் சபைப் போதகர்கள், பேச்சைத் தொடங்கும் முன்பே எல்லையைச் சொல்லிவிடுவது நேர்மை: “நீ சொல்வதை அதிகாரியிடம் சொல்லமாட்டேன். உன் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் சும்மா இருக்கமாட்டேன்.”

அந்த எல்லை வெறும் பேச்சுக்கல்ல. துப்பாக்கியோடு காவல் நிற்கும் ஒருவன் “வாழப் பிடிக்கவில்லை” என்று சொன்னால், ஜெபித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட முடியாது. அவனைத் தனியே விடாதீர்கள். சம்மதம் கேட்டு, அவனோடு கூடவே நடந்து முகாம் மருத்துவ அதிகாரியிடம் போங்கள். சம்மதிக்காவிட்டாலும், அவனுக்கு இன்று ஆயுதம் கொடுக்கவேண்டாம் என்ற அளவுக்கு மட்டும் சொல்லுங்கள். காரணமான குடும்பக் கதை யாருக்கும் தேவையில்லை. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் அவன் கையில் எழுதிக் கொடுங்கள்.

விடுமுறையில் வந்து திரும்பிப் போகாமல் லயத்தில் தங்கிவிட்ட பையனை மறைத்து வைக்கச் சொல்லிப் பெற்றோர் உங்களிடம் வரலாம். தப்பியோடிய சிப்பாய்க்கு அடைக்கலம் கொடுப்பது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். சட்டத்தரணியோடு அவனைச் சரணடைய அழைத்துப் போவதுதான் நீங்கள் செய்யக்கூடிய உதவி.

வழிபாட்டைத் தடுத்தாலோ, வேறு சமயச் சடங்கு செய்யச் சொல்லி நெருக்கினாலோ, சிப்பாய் முதலில் தன் கட்டளை அதிகாரியிடம் எழுத்தில் கொடுத்து, பிரதியை வைத்துக்கொள்ளட்டும். அணிவகுப்பில் மரியாதையாக நிற்பதைக் கடமையாக எடுத்துக்கொண்டு, பூ வைத்து வணங்குவதற்கு மட்டும் விலக்குக் கேட்பது பெரும்பாலும் சண்டையில்லாமல் முடியும். முடியாவிட்டால் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுப்போட வேண்டும். அதைச் சிப்பாய் தானாகவோ சட்டத்தரணி மூலமோதான் செய்யலாம். அவனுக்காக நீங்கள் போட முடியாது. ஆனால் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் அவன் சார்பில் நீங்களே முறைப்பாடு கொடுக்கலாம். கண்டியிலும் பதுளையிலும் அதன் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன. அதே ஒரு மாதத்துக்குள் கொடுத்தால், அந்த ஆணைக்குழுவுக்கான 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. முறைப்பாட்டு இலக்கமும், விசாரணை நடக்கிறது என்பதற்கான கடிதமும் கையில் இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் அந்தக் காலத்தைக் காட்ட முடியாமல் போகும். ஆகவே முறைப்பாடு கொடுக்கும் நாளிலேயே இரண்டையும் கேட்டுவையுங்கள்.