ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) காலம் முடிந்த பிறகும் சர்வீஸ் செய்துதர நிறுவனத்துக்குக் கடமை இருக்கிறதா?

ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே நீங்கள் புகார் கொடுத்திருந்தால், இருக்கிறது. முடிந்த பிறகு புதிதாக வந்த பழுது என்றால், இல்லை. நீங்கள் முன்பே புகார் கொடுத்தவர் என்றுதான் நினைக்கிறேன். இல்லாவிட்டால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

விருதுநகரில் ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் பில்லிங் மென்பொருளுக்கு மார்ச் 31 வரை ஏஎம்சி இருந்தது. மார்ச் நடுவில் சரக்கு இருப்பு தப்பாகக் காட்ட ஆரம்பித்தது. விற்ற மூட்டை கணக்கில் கழியவே இல்லை. புகார் எண் வாங்கினோம். இன்று வருகிறோம், நாளை வருகிறோம் என்று இழுத்தடித்தார்கள். ஏப்ரல் பிறந்ததும், "ஏஎம்சி முடிந்துவிட்டது சார், புதுப்பித்தால்தான் ஆள் அனுப்புவோம்" என்றார்கள். பணத்தைக் கட்டிவிடலாம் என்றார் முதலாளி. நான் விடவில்லை. பழுது வந்ததும் புகார் கொடுத்ததும் அவர்கள் காசு வாங்கிய காலத்துக்குள். அன்று ஏற்பட்ட கடமை தேதி தாண்டியதும் எப்படி இல்லாமல் போகும்? இதையே கடிதமாக எழுதி, புகார் எண்ணையும், ஒப்பந்தத்தை மீறினால் நஷ்ட ஈடு உண்டு என்னும் இந்திய ஒப்பந்தச் சட்டம் 73வது பிரிவையும் குறிப்பிட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன். அடுத்த வாரமே ஆள் வந்து காசு வாங்காமல் சரிசெய்தார்.

நான் வக்கீல் இல்லை. ஆனால் "ஓசியில் வேலை வாங்கப் பார்க்கிறாய்" என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அதன்பின் பிரிண்டர் இணைப்பில் வந்த புதுக் கோளாறுக்கு முழுக் கட்டணம் கொடுத்தோம்; கொடுக்கச் சொன்னவனே நான்தான்.

ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களையும் படியுங்கள். ரகசியம் காப்பது, தரவைத் திருப்பித் தருவது போன்றவை முடிவுக்குப் பின்னும் தொடரும் என்று ஒரு ஷரத்து பெரும்பாலும் இருக்கும். இல்லையென்றால் அடுத்த முறை கேட்டு எழுதி வாங்குங்கள். ஆண்டு அறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்கச் சொல்கிறது ஜிஎஸ்டி சட்டம். ஒப்பந்தம் முடிந்ததும் நிறுவனம் மென்பொருளைப் பூட்டிவிட்டால் அதிகாரியிடம் எதைக் காட்டுவது? ஒப்பந்த மீறலுக்கு வழக்குப் போட மீறிய நாளிலிருந்து 3 ஆண்டுகள்தான் அவகாசம், ஆறப்போடாதீர்கள்.

இன்னொரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். மிக்சிக்கு இரண்டு வருட வாரன்டி தருகிறார்கள். அந்த வழுவழுப்புத் தாள் பில்லில் எழுத்து சில மாதங்களிலேயே மங்கிவிடுகிறது. பிறகு பில் இல்லாமல் வாரன்டி இல்லை என்கிறார்கள். இதை ஏன் யாரும் தட்டிக் கேட்பதில்லை? வாங்கிய அன்றே நகல் எடுத்து, அதில் கடை முத்திரையும் வாங்கிவிடுங்கள்.